பங்காளியா, சம்பந்தியா? ஆர்க்கிடுக்கு டி.என்.ஏ. சொல்லும் உறவுமுறை

புனேக்கு வந்து 17 வருடம் ஆகிறது. இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஹிஞ்சவடி டிராஃபிக், வீட்டு வாடகை, மிசள் பாவ் காரம் என்று அதே பல்லவிதான் வருகிறது. இன்றைக்குக் கொஞ்சம் வேறு ரூட். ஆர்க்கிட் செடிகளில் எதற்கு எது சொந்தம், அதை டி.என்.ஏ.வை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதனால் நமக்கு என்ன என்று பார்க்கப் போகிறோம்.

"பூவுக்குப் பங்காளி யாராயிருந்தா உனக்கென்னய்யா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி பதில்: குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் லேகியத்திலிருந்து, அந்தப் பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்பது வரைக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ. சோதனை அருமையான கருவி. ஆனால் பூவைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த மெஷின் வெறும் டப்பா. மெஷின் வருடா வருடம் மலிவாகிறது. ஆள் வருடா வருடம் குறைகிறார். நம்மைப் போன்ற வீடுகளும் அதற்கு ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

யார் இந்த ஆர்க்கிட்?

உலகத்தில் சுமார் 28,000 ஆர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. இந்தியத் தாவர மதிப்பாய்வகம் (பி.எஸ்.ஐ.) 2019-ல் வெளியிட்ட பட்டியலின்படி இந்தியாவில் மட்டும் 1,256 இனங்கள். அதில் 388 இந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. மகாராஷ்டிரத்தில் நூற்றுக்கும் மேல் உண்டு.

மரத்தில் தொற்றி வளர்வதால் பலர் இதைப் புல்லுருவி மாதிரி ஒட்டுண்ணி என்று நினைக்கிறார்கள். அது தப்பு. மரத்தில் இடம் மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. சாப்பாடு சொந்தமாகச் சமைத்துக்கொள்கிறது. வாடகை ஒழுங்காகக் கொடுத்து அடுத்தவர் ஊரில் குடியிருக்கும் நம்மை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-) தரையில் கிழங்கு விட்டு வளரும் ஆர்க்கிட்டும் ஏராளம். செப்டம்பரில் சாத்தாரா பக்கத்துக் காஸ் பீடபூமிக்குப் போனவர்கள் பல் தேய்க்கும் பிரஷ் போல ஒரே பக்கமாக வெள்ளைப் பூ அடுக்கிய ஒரு சின்னச் செடியைப் பார்த்திருப்பீர்கள். அது ஹெபனேரியா ஹெய்னியானா என்ற தரை ஆர்க்கிட். மரத்தில் நரிவால் போல நீளமாகத் தொங்கும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசாவுக்கு மராட்டியில் 'சீதேச்சி வேணி' என்று பெயர். சீதையின் தலைப்பூச்சரம். அஸ்ஸாமில் அதே பூதான் 'கொபோவ்', பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் வைப்பது.

இதில் சிக்கல் என்னவென்றால், ஆர்க்கிட் வருடத்தில் சில வாரங்கள்தான் பூக்கும். மீதி நாளெல்லாம் நாலு இலை, ஒரு தண்டு. அந்த நேரத்தில் பெரிய நிபுணரிடம் கொடுத்தாலும் பல இனங்களைப் பிரித்துச் சொல்ல முடியாது. பத்துப் பேரும் ஒரே யூனிஃபார்மில் நின்றால் யார் அண்ணன், யார் தம்பி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டி.என்.ஏ. அடையாளக்குறிகள் கைகொடுப்பது இங்கேதான்.

முதலில் கண்ணால் பார்த்தவர்கள்

புனேக்கும் செடி ஆராய்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஐ.டி. பார்க்கை விடப் பல தலைமுறை மூத்தது. பம்பாய் கவர்னர் ஜான் மால்கம் 1828-ல் புனே பக்கத்துத் தாபூரியில் ஒரு தாவரத் தோட்டம் ஆரம்பித்தார். 1838-லிருந்து அதைக் கவனித்துக்கொண்ட டாக்டர் அலெக்சாண்டர் கிப்சன், பின்னாளில் டால்செல் என்பவரோடு சேர்ந்து 1861-ல் 'பாம்பே ஃப்ளோரா' புத்தகத்தைக் கொண்டுவந்தார். சுதந்திரத்துக்கு அப்புறம் 1955-ல் பி.எஸ்.ஐ.யின் மேற்கு மண்டல அலுவலகம் புனேயில் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட உலர்செடிகள் தாளில் ஒட்டப்பட்டு அங்கே அலமாரிகளில் இருக்கின்றன. 1966-ல் ஏசு சபைப் பாதிரியார் சாந்தாபாவும் கபாடியாவும் 'ஆர்க்கிட்ஸ் ஆஃப் பாம்பே' எழுதினார்கள். பஞ்சகனிக்கு ஸ்ட்ராபெரி சாப்பிடப் போகிறோமே, அந்த ஊர் பெயரிலேயே ஹெபனேரியா பஞ்சகனியென்சிஸ் என்று ஒரு ஆர்க்கிட் உண்டு. அதற்குப் பெயர் வைத்ததும் இவர்கள் இருவர்தான்.

நம்ம பக்கம் மட்டும் குறைச்சலா? கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜன் ராபர்ட் வைட், மதராஸில் இருந்துகொண்டு 1838-லிருந்து 1853 வரை தென்னிந்தியச் செடிகளின் படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு உள்ளூர் ஓவியர்கள். கோவிந்துவின் கைவண்ணத்துக்கு மரியாதையாக வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். பிறகு வந்தவர்கள் அது ட்ரோபிடியா என்ற பேரினத்தில் அடங்குகிறது என்று முடிவு செய்ததால் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. ஆனாலும் ஒரு வெள்ளைக்கார டாக்டர் தன் ஓவியர் பெயரைப் பூவுக்கு வைத்தார் என்பது சின்ன விஷயம் இல்லை.

நுண்ணோக்கியில் குரோமோசோமை எண்ணிச் செடிகளின் உறவைச் சொல்லும் வேலையில் முன்னால் நின்றவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். பிறகு பி.எஸ்.ஐ.யைச் சீரமைக்க நேரு அவரைத்தான் அழைத்தார். இன்றைய டி.என்.ஏ. அடையாளக்குறிகளுக்கு அந்தக் குரோமோசோம் கணக்கு ஒரு பாட்டி முறை.

அடையாளக்குறி எப்படி வேலை செய்கிறது?

நம்மில் பாதிப்பேர் சாஃப்ட்வேர் என்பதால் அந்த பாஷையிலேயே சொல்கிறேன். டி.என்.ஏ. என்பது நாலே எழுத்தில் எழுதிய ஒரு மகா பெரிய டெக்ஸ்ட் ஃபைல். ஏ, டி, ஜி, சி. இரண்டு செடிகளின் ஃபைலை முழுசாகப் படித்து ஒப்பிட முடிந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு ஆர்க்கிட்டின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்து முடித்ததே 2014-ல்தான் (ஃபலனாப்சிஸ் ஈக்வெஸ்ட்ரிஸ் என்ற இனம்). அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்?

1990-ல் ஒரு குறுக்கு வழி வந்தது. பெயர் ராப்பிட் (ஆர்.ஏ.பி.டி.). குருட்டாம்போக்கில் பத்தே எழுத்துள்ள ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்வார்கள். அதை டி.என்.ஏ.வோடு கலந்து பி.சி.ஆர். மெஷினில் வைப்பார்கள். 94 டிகிரியில் இழை பிரியும், 36 டிகிரியில் அந்தப் பத்தெழுத்து பொருந்துகிற இடத்தில் போய் ஒட்டும், 72 டிகிரியில் நகல் வளரும். இப்படி 40 சுற்று. எதிரெதிரே பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் பொருந்தினால் நடுவில் இருக்கும் பகுதி கோடிக்கணக்கில் நகலாகும். அந்த நகல்களை ஜெல்லில் ஓட்டினால் நீளத்தின்படி பிரிந்து கோடு கோடாகத் தெரியும்.

அப்புறம் கணக்கு. ஒரு செடிக்கு 10 கோடு, இன்னொன்றுக்கு 8 கோடு, இரண்டுக்கும் பொதுவாக 6 கோடு என்று வையுங்கள். இரண்டிலும் சேர்த்து மொத்தம் 12 வேறு வேறு கோடுகள். 6-ஐ 12-ஆல் வகுத்தால் ஒற்றுமை 0.5. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் எண் போட்டு, கிட்ட இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டே போனால் வம்சாவளிப் படம் மாதிரி ஒரு கிளைப்படம் கிடைக்கும். பக்கத்துக் கிளையில் இருந்தால் பங்காளி. ரொம்ப தூரத்தில் இருந்தால் தூரத்துச் சொந்தம்.

மலிவு, வேகம், முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். அதனால்தான் 1990-களிலும் 2000-களிலும் நம் நாட்டு யுனிவர்சிட்டிகளில் நெல், கரும்பு, ஆர்க்கிட் என்று எதை எடுத்தாலும் ராப்பிட் ஆய்வுதான். ஆனால் அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஒரு லேபில் வந்த கோடு இன்னொரு லேபில் வராமல் போகலாம். நீளம் ஒன்றாக இருந்தால் இரண்டு கோடும் ஒரே துண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். அது வேறு வேறு இடத்துத் துண்டாகவும் இருக்கலாம். ஒரே உயரம் என்பதற்காக இரண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

பின்னால் ஐ.எஸ்.எஸ்.ஆர்., 1995-ல் ஏ.எஃப்.எல்.பி. என்று உறுதியான முறைகள் வந்தன. மைக்ரோசாட்டலைட் என்ற முறையில் அப்பா வழி வந்தது எது, அம்மா வழி வந்தது எது என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். 2003-ல் கனடாவின் பால் ஹெபர்ட், எல்லா உயிர்களுக்கும் ஒரு குறிப்பிட்ட டி.என்.ஏ. பகுதியை 'பார்கோடு' ஆக்கலாம் என்றார். மிருகங்களுக்கு அவர் சொன்ன பகுதி செடிகளுக்குச் சரிப்படவில்லை. நிறைய சண்டைக்குப் பிறகு 2009-ல் செடிகளுக்கு ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்ற இரண்டு பகுதிகளை அடிப்படையாக ஏற்றுக்கொண்டார்கள். இரண்டும் பசுங்கணிகத்தில் இருப்பவை.

இலையிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதே தனிப் பாடு. ஆர்க்கிட் இலை பல வகைகளில் தடிமன், உள்ளே வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு. அந்தப் பசையைப் பிரித்துத் தள்ளாவிட்டால் பி.சி.ஆர். ஓடாது. லேபில் வேலை செய்யும் பிள்ளைகளின் பாதி ஆயுள் இதிலேயே போகிறது.

அகத்தியர் மலைச் செருப்பு

இப்போது நிஜமான ஒரு கேஸ். பேஃபியோபெடிலம் என்று ஒரு ஆர்க்கிட் வகை, பூவின் கீழிதழ் செருப்பு மாதிரி இருக்கும். இந்தியாவில் இவை எல்லாமே வடகிழக்கு, இமயமலைப் பக்கம். ஒன்றே ஒன்றைத் தவிர. பேஃபியோபெடிலம் ட்ரூரியை, நம்ம பொதிகை, அகத்தியர் மலைப் பகுதியில் மட்டும் இருப்பது. மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்புக் கோடு. 1865-ல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தார். பிறகு ரொம்ப நாள் யார் கண்ணிலும் படவில்லை. 1970-களில் மறுபடி இடம் தெரிந்ததும் சேகரிப்பாளர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் செடிகளில் அதுவும் ஒன்று. சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் (சைட்டிஸ்) முதல் பட்டியலில் செருப்பு ஆர்க்கிட் அத்தனையும் இருக்கின்றன. காட்டிலிருந்து எடுத்து விற்கத் தடை.

தடை இருந்து என்ன பயன்? ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் முன்னால் பூ இல்லாத நாலு இலையை வைத்தால் அவருக்கு என்ன தெரியும்? இதைத்தான் டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவின் எட்டு பேஃபியோபெடிலம் இனங்கள், மூன்று இயற்கைக் கலப்பினங்கள் ஆகியவற்றில் ஐந்து டி.என்.ஏ. பகுதிகளைச் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். மேட்-கே பகுதி எட்டையும் நூற்றுக்கு நூறு பிரித்துக் காட்டியது. ஐ.டி.எஸ். என்ற இன்னொரு பகுதி பாதியைத்தான் பிரித்தது. கலப்பினங்களின் பெற்றோர் யார் என்பதும் தெரிந்தது. பொதுவாகப் பசுங்கணிக டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டும் வரும், உட்கரு டி.என்.ஏ. இருவரிடமிருந்தும் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குடும்ப ரகசியம் வெளியே வந்துவிடும் :-)

சுவாரசியம் இனிமேல்தான். அதே குழு 94 இந்திய ஆர்க்கிட் இனங்களைச் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் முதல் இடம் ஐ.டி.எஸ்.க்கு. மேட்-கே அதற்கு அடுத்துதான். எந்த ஒரு பகுதியும் தனியாக அத்தனை இனத்தையும் பிரிக்கவில்லை. செருப்பு ஆர்க்கிட்டில் பாதி மார்க் வாங்கிய பையன் பெரிய பரீட்சையில் முதல் ரேங்க்!

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி கிடையாது என்பதுதான் இதில் எனக்குக் கிடைத்த பாடம். எந்தக் குடும்பத்துக்கு எந்தச் சாவி என்பதை அந்தக் குடும்பத்தைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த எட்டுச் செடியும் எட்டு வேறு வேறு இனம் என்று முதலில் சொன்னது யார்? பூவைப் பார்த்த மனிதர்கள். டி.என்.ஏ. அதை உறுதி செய்தது, அவ்வளவுதான். நாளைக்கு டேட்டாபேஸில் தப்பான பெயரில் ஒரு வரிசையை யாராவது ஏற்றிவிட்டால், அதைப் பார்த்து ஒப்பிடும் அத்தனை பேருக்கும் தப்பு பரவும். நம்ம தொழிலில் தினமும் பார்க்கிறோமே, உள்ளே குப்பை போட்டால் வெளியே குப்பைதான் வரும். அதனால்தான் ஒழுங்கான ஆய்வில் டி.என்.ஏ. எடுத்த அதே செடியின் ஒரு கிளையை உலர்த்தி, தாளில் ஒட்டி, எண் போட்டு ஹெர்பேரியத்தில் வைப்பார்கள். சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். அந்தத் தாள் இல்லாத டி.என்.ஏ. முடிவு, பத்திரம் இல்லாமல் வாங்கிய பிளாட் மாதிரி.

மறுபக்கமும் உண்டு. கண் ஏமாந்த இடத்தில் டி.என்.ஏ. திருத்தியும் இருக்கிறது. அஸ்கோசென்ட்ரம் என்று தனியாக வைத்திருந்த குட்டிப்பூ வகை, வாண்டாவின் உள்வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிந்து சேர்த்துவிட்டார்கள். ஃப்ளிக்கிஞ்சேரியா இன்று டென்ட்ரோபியத்தில் அடக்கம். பூவின் அளவும் நிறமும் எந்தப் பூச்சி வருகிறது என்பதைப் பொறுத்து வேகமாக மாறும். பார்த்தால் வேறு குடும்பம் மாதிரி தெரியும், ரத்தம் ஒன்றுதான். ஆக, கண்ணும் வேண்டும், மெஷினும் வேண்டும்.

லேகிய டப்பாவுக்குள்

வீட்டுக்கு வீடு இருக்கும் சியவனப்பிராசத்துக்கு வருவோம். அதில் சேரவேண்டிய அஷ்டவர்க்கம் என்ற எட்டு மூலிகைகளில் நான்கு ஆர்க்கிட். ஜீவகம், ரிஷபகம் இரண்டும் மலாக்சிஸ் வகை. ருத்தி, விருத்தி இரண்டும் ஹெபனேரியா வகை. எல்லாம் இமயமலைக் கிழங்குகள், கிடைப்பது அபூர்வம். 16-ஆம் நூற்றாண்டு பாவப்பிரகாசமே இது ராஜாக்களுக்கே கிடைக்காத சரக்கு என்று ஒப்புக்கொண்டு, பதிலாக எதைச் சேர்க்கலாம் என்று பட்டியல் கொடுத்திருக்கிறது. அப்படியானால் இன்று சந்தையில் 'ருத்தி' என்று மூட்டையில் வரும் கிழங்கு எது?

ராஸ்னா இன்னும் வேடிக்கை. ஆயுர்வேத மருந்தியல் நூலில் அது ப்ளூசியா என்ற செடி. வங்காளத்தில் ராஸ்னா என்றால் வாண்டா டெசலேட்டா, அதாவது மரத்தில் வளரும் ஆர்க்கிட்டின் வேர். தெற்கே வந்தால் அது பேரரத்தை! பாட்டி கஷாயத்தில் தட்டிப் போட்டாளே அதே அரத்தை வகை. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜீவந்தியும் அப்படித்தான். சிலர் எருக்குக் குடும்பத்துக் கொடி என்பார்கள், சிலர் மேலே சொன்ன ஃப்ளிக்கிஞ்சேரியா ஆர்க்கிட் என்பார்கள்.

இதில் எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியன் இல்லை. ஆனால் டப்பாவில் ஒரு பெயர் போட்டு வேறு செடியை உள்ளே வைத்தால், வாங்கும் எனக்குத் தெரியவேண்டாமா? காய்ந்த கிழங்கிலும் வேரிலும் டி.என்.ஏ. பார்த்துச் சொல்ல முடியும். டெல்லி ஆய்வில் மருந்துக்குப் பயன்படும் 26 ஆர்க்கிட்களுக்கு இப்படி அடையாளம் கண்டிருக்கிறார்கள். மணிக்கணக்கில் கிண்டிக் கொதிக்க வைத்த லேகியத்தில் டி.என்.ஏ. சிதைந்துபோயிருக்கும், அங்கே சோதனை அவ்வளவாக எடுபடாது. ஆகவே சோதனையை மூட்டை வந்து இறங்கும் இடத்தில் வைக்கவேண்டும். கம்பெனிகள் செய்யவேண்டும், அரசாங்கம் கேட்கவேண்டும். நாமும் கேட்கலாம், காசு நம்முடையது.

பொள்ளாச்சி வெனிலா

ஆர்க்கிட் நமக்குத் தூரத்துச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் ஐஸ்கிரீமை நினைத்துக்கொள்ளுங்கள். வெனிலாவும் ஆர்க்கிட்தான். 2000-ல் மடகாஸ்கரில் ஹுதா புயல் அடித்ததும் விலை ஏற ஆரம்பித்தது. 2003, 2004 வாக்கில் பதப்படுத்திய வெனிலா கிலோ 500 டாலர் வரை போனது. கேரளா, கர்நாடகா, நம்ம பொள்ளாச்சி என்று தோட்டம் தோட்டமாக வெனிலாக் கொடி ஏறியது. 2005-க்குள் விலை 50 டாலருக்கும் கீழே. கடன் வாங்கி நட்டவர்கள் கதை உங்களில் பலருக்குச் சொந்த ஊரிலேயே தெரிந்திருக்கும்.

விலைக்கும் டி.என்.ஏ.வுக்கும் சம்பந்தம் இல்லை. நோய்க்கு இருக்கிறது. வெனிலா விதையில் வளர்ப்பதில்லை, கொடியை ஒடித்து நடுவது. மெக்சிகோவுக்கு வெளியே உலகம் முழுக்கப் பரவியிருக்கும் வெனிலாவில் பெரும்பகுதி மிகக் குறுகிய ஒரு மூலத்திலிருந்து நகலெடுத்தது என்று டி.என்.ஏ. அடையாளக்குறிகள் காட்டின. எல்லாம் ஒரே அச்சு. ஒரு கொடியை அழுகல் நோய் பிடித்தால் தோட்டமே அதற்குத் திறந்த வீடு. 2008-ல் வந்த ஒரு ஆய்வு, தாஹிதி வெனிலா தனி மூதாதையர் கொண்டதல்ல, சாதா வெனிலாவுக்கும் ஒடோராட்டா என்ற காட்டு இனத்துக்கும் பிறந்த கலப்பு என்று காட்டியது. சொந்தக்காரர் யார் என்று தெரிந்தால்தான் நோய் தாங்கும் குணத்தை எங்கே தேடுவது என்று தெரியும். இந்தியக் காட்டிலும் வெனிலாவின் உறவினர்கள் இருக்கிறார்கள், இலையே இல்லாத வெனிலா அஃபில்லா உட்பட. அதைக் காட்டில் கண்டு அடையாளம் சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆள் எங்கே?

என் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. செடி கொடி மேல் ஆசை. போன மாதம் சேலத்திலிருந்து பெரியப்பா போனில் கேட்டார்: "பாட்டனியா? அதுக்கா இத்தனை வருஷம் புனேல உக்காந்திருக்கீங்க? கம்ப்யூட்டர் சயின்ஸ் சேத்து விடுப்பா." பெரியப்பாவைத் தப்புச் சொல்ல மாட்டேன். அவர் தலைமுறையில் பாட்டனி என்றால் காலேஜில் இடம் கிடைக்காதவர்கள் படிப்பது. வகைப்பாட்டியல் வேலைகள் குறைவு, சம்பளமும் ஐ.டி. பக்கத்தில் வைக்கக் காணாது. அதை மறைத்துப் பேசினால் நான் உங்களிடம் பொய் சொன்னவன் ஆவேன்.

ஆனால் பெரியப்பாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இன்றைக்கு இந்தத் துறையில் பாதி வேலை கம்ப்யூட்டரில்தான். வரிசைகளை அடுக்குவது, கிளைப்படம் போடுவது, டேட்டாபேஸில் தப்புப் பிடிப்பது எல்லாம் ப்ரோக்ராம். புனே யுனிவர்சிட்டியில் 1980-களிலேயே பயோ இன்ஃபர்மேடிக்ஸ் மையம் வந்துவிட்டது. பாஷான் ரோட்டில் 1950-லிருந்து தேசிய வேதியியல் ஆய்வகம், அங்கே பயிர்களின் டி.என்.ஏ. அடையாளக்குறி வேலை பல வருடம் நடந்திருக்கிறது. 1946-ல் ஆரம்பித்த, இன்று அகர்கர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம். பி.எஸ்.ஐ. ஹெர்பேரியம். ஒன்றரை மணி நேரத்தில் மலைத்தொடர். லேப், கம்ப்யூட்டர், உலர்செடி, காடு நாலும் ஒரே ஊரில் கிடைப்பது லேசில் அமையாது. இந்த ஊருக்குப் பிழைக்க வந்த நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை. ஹிஞ்சவடி மட்டும்தான் தெரிகிறது.

"இன்னும் பத்து வருஷத்துல மொபைல் ஆப்பே எல்லாம் சொல்லிடும், ஆள் எதுக்கு?" என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார். ஆப்புக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அது தப்பாகச் சொன்னால் தப்பு என்று கண்டுபிடிப்பவர் யார்? ஹெபனேரியாவில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். உதட்டிதழ் எத்தனை பிரிவு, பின்னால் நீளும் தேன்குழல் என்ன நீளம் என்று பார்த்துப் பிரிக்கவேண்டும். அந்தக் கண் புத்தகத்தில் வராது. மழையில், அட்டைக்கடியில், ஒரு வாத்தியார் கூடப் பத்து வருடம் நடந்தால் வரும். வாத்தியார் ரிட்டயர் ஆகும்போது கூட நடக்க ஆள் இல்லையென்றால் அதோடு போச்சு. மெஷினை அடுத்த பட்ஜெட்டில் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கண்ணை எந்த டெண்டரில் வாங்குவது?

என் பெண் என்ன படிக்கவேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். பெரியப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அவ பாட்டனி எடுத்தா அது மார்க் கொறஞ்சதால இல்ல பெரியப்பா, எனக்கு முழு சம்மதம்." கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. அப்புறம், "ஏற்காட்டுல அந்த ஆர்க்கிட் தோட்டம் இன்னும் இருக்காமே, லீவுல வந்தா கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

நாம் என்ன செய்யலாம்?

1. மழை நாளில் மலைப்பாதை ஓரத்தில் மரத்தோடு பெயர்த்த ஆர்க்கிட்டைச் சிலர் விற்பார்கள். வாங்காதீர்கள். ஃபிளாட் பால்கனியில் பெரும்பாலும் அது பிழைக்காது. ஆசையிருந்தால் திசு வளர்ப்பில் வந்த நர்சரிச் செடி மலிவாகவே கிடைக்கிறது.

2. காஸ் பீடபூமிக்குப் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. மண்ணில் தகுந்த பூஞ்சை துணைக்கு இருந்தால்தான் முளைக்கும். செல்ஃபிக்காக மிதித்த இடம் லேசில் திரும்பாது.

3. போட்டோ எடுத்தால் பூவை முன்னாலிருந்தும், பக்கவாட்டிலிருந்தும், இலையோடும் எடுங்கள். தேதியும் ஊரும் குறித்து வையுங்கள். ஆனால் அபூர்வமான செடியாக இருந்தால் சரியான இடத்தைப் பொதுவில் போடவேண்டாம். அகத்தியர் மலைச் செருப்புக்கு ஆனது நினைவிருக்கட்டும்.

4. லேகியம் வாங்கும்போது கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டுங்கள்: உள்ளே இருக்கும் ருத்தியும் ஜீவகமும் எந்தச் செடி, அதை எப்படிச் சோதிக்கிறீர்கள்? நூறு பேர் கேட்டால் பதில் வரும்.

5. வீட்டில் ஒரு பிள்ளைக்குச் செடி பிடித்திருந்தால் "அதில் என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கொசுறு: ஏற்காட்டில் இருப்பது பி.எஸ்.ஐ.யின் தேசிய ஆர்க்கிட் தோட்டம். ஊருக்குப் போகும்போது சேலத்தில் இறங்கினால் மலை ஏற ஒரு மணி நேரம்தான். எந்தச் செடி பூத்திருக்கிறது என்பது உங்கள் அதிர்ஷ்டம். பூக்காவிட்டாலும் நாலு இலையையும் ஒரு தண்டையும் பார்த்துப் பெயர் சொல்ல முயற்சி செய்து பாருங்கள், இவ்வளவு நேரம் நான் எதற்குத் தொண்டை கிழியக் கத்தினேன் என்று புரியும்.